செங்கல் சுவருக்கு எந்தப் பூச்சு?

கடைவீட்டின் முன்வாசலில் நின்று உள்ளே பார்த்தாலே அதன் அமைப்பு புரிந்துவிடும். அகலம் பெரும்பாலும் பதினாறு முதல் இருபது அடி. நீளம் அதைப்போல் இரண்டு, மூன்று மடங்கு. இரு பக்கச் சுவர்களும் அடுத்த வீட்டோடு பொதுவானவை என்பதால் அவற்றில் சன்னல் வைக்க வழியில்லை. முன்பக்கச் சன்னல்களும் நடுவில் வானம் பார்த்த முற்றமும் தரும் வெளிச்சத்தில்தான் வீடு முழுவதும் வாழ வேண்டும். சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவின் உணவகங்களிலும் தங்கும் விடுதிகளிலும் இந்த நெடுஞ்சுவர்களின் பூச்சை உரித்துச் செங்கல்லைக் காட்டும் வழக்கம் பரவியிருக்கிறது. முதல் பார்வைக்கு அழகுதான். சில மாதம் அங்கே புழங்கிய பிறகு, கருஞ்சிவப்புச் செங்கல் வெளிச்சத்தை விழுங்குவதும், இணைப்புகளில் தூசி சேர்வதும், சுவர் அறையை நெருக்குவதும் தெரியவரும். அப்போது எழும் கேள்விக்குத்தான் இந்த அத்தியாயம்: செங்கல்லின் முரட்டுத் தோற்றத்தை எந்தப் பூச்சால் தணிக்கலாம்?

பெயின்ட் கடையில் இந்தக் கேள்வியைக் கேட்டால் நிற அட்டையைக் கையில் கொடுப்பார்கள். நிறம் கடைசியாக முடிவு செய்ய வேண்டியது. சுவருக்குள் ஈரம் எங்கிருந்து வருகிறது, எந்த வழியாக வெளியேறுகிறது என்பதே முதல் கேள்வி. ஆண்டு முழுவதும் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும் ஊரில், ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் ஊரில், ஈரத்தை அடைத்துவிடும் பூச்சு எவ்வளவு அழகாக இருந்தாலும் நிலைக்காது. வேலையை முடித்துத் தரும் பூச்சுகளில் மிக மெல்லியதை, ஈரத்தை வெளியே விடுவதைத் தேர்ந்தெடுங்கள். இந்த அத்தியாயத்தின் மற்ற அறிவுரைகள் எல்லாம் இதிலிருந்தே பிறக்கின்றன.

செங்கல்லை மறைப்பது தவறா?

பழைய செங்கல்லின் மேல் எதையும் பூசுவது வரலாற்றை அழிப்பது என்று வாதிடுவோர் உண்டு. அக்கறையோடு சொல்லப்படும் வாதம் என்பதால் பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டும். சிராங்கூன் சாலையின் கதையிலேயே பதில் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்தச் சாலையை ஒட்டிச் செங்கல் சூளைகளும் இருந்தன, சுண்ணாம்புக் காளவாய்களும் இருந்தன. இந்தியக் கைதிகள் உழைத்த அரசுச் சூளையின் செங்கல் 1867இல் ஆக்ரா கண்காட்சியில் பதக்கம் பெற்றது. ஸ்ரீ வீரமாகாளியம்மன் கோயிலை அன்றைய தமிழர்கள் சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில் என்றே அழைத்தார்கள். கம்பம் என்பது மலாய்ச் சொல்லான கம்போங், அதாவது ஊர். செங்கல்லும் சுண்ணாம்பும் பக்கத்துப் பக்கத்தில் வெந்த வட்டாரம் இது. கொத்தனார் செங்கல்லைக் கட்டினார், அதன் மேல் சுண்ணாம்புக் காரையைப் பூசினார். கடைவீட்டின் செங்கல் வெளியே தெரிய வேண்டும் என்று சுடப்பட்டதல்ல. அது மென்மையானது, துளைகள் நிறைந்தது. மேலே ஒரு தோல் இருக்கும் என்ற நம்பிக்கையில் கட்டப்பட்டது.

அந்தத் தோல் எவ்வளவு உயர்ந்த கலையாக இருந்தது என்பதற்கு செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம் சாட்சி. 1856இல் அடிக்கல் நாட்டி, 1862இல் திருநிலைப்படுத்தப்பட்ட அந்தக் கட்டடத்தை எழுப்பியதில் இந்தியக் கைதிகளின் உழைப்பு பெரும்பங்கு. அதன் சுவர்களுக்குப் பூசியது மதராஸ் சுண்ணாம்பு: கிளிஞ்சல் சுண்ணாம்போடு முட்டை வெள்ளையும் வெல்லமும் சேர்த்து அரைத்து, தேங்காய் மட்டை ஊறிய நீரில் குழைத்து, காய்ந்த பின் வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றிய பூச்சு. செட்டிநாட்டு வீடுகளின் முட்டைப் பூச்சைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு இது அந்நியமாக இருக்காது. ஆக, உரித்த கடைவீட்டுச் சுவருக்குச் சுண்ணாம்பு பூசுவது அதன் வரலாற்றை மறைப்பதாகாது. அது இழந்ததைத் திருப்பித் தருவதாகும்.

ஆனால் எல்லாச் செங்கல்லுக்கும் இது பொருந்தாது. ஹில் ஸ்திரீட்டில் 1909இல் கட்டி முடிக்கப்பட்ட மத்திய தீயணைப்பு நிலையத்தின் சிவப்பு, வெள்ளை வரிகள் வெளியே தெரிவதற்காகவே கட்டப்பட்டவை. ஸ்டாம்ஃபர்ட் சாலையில் 1960இல் திறந்த பழைய தேசிய நூலகத்தின் செங்கல் முகப்பும் அப்படியே. தொடக்கத்தில் அதைக் குறை கூறியவர்கள் பலர்; 2004இல் அது மூடப்பட்டபோது நகரமே வருந்தியது. உங்கள் சுவர் எந்த வகை என்று அறியக் கிட்டப் போய்ப் பாருங்கள். செங்கல்லின் விளிம்புகள் கூர்மையாக, அளவு ஒன்றுபோல, இணைப்புகள் சீராக இருந்தால் அது முகப்புக்கென்றே செய்தது. அதன் மேல் எதையும் பூசாதீர்கள். இணைப்புகள் கோணலாக, துளைகளில் வெள்ளைக் காரைத் துணுக்குகள் ஒட்டியிருந்தால், உளி கொத்திய தழும்புகள் தெரிந்தால், அது பூச்சை இழந்த சுவர்.

தூரிகையைத் தொடும் முன்: ஐந்து சோதனைகள்

1. அனுமதியைப் பாருங்கள். லிட்டில் இந்தியா 1989 ஜூலை 7 அன்று பாதுகாப்புப் பகுதியாக அரசிதழில் அறிவிக்கப்பட்டது. முகப்பு மட்டுமல்லாமல் பொதுச்சுவர், முற்றம், மர உத்தரங்கள், கூரை ஆகியவையும் நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் விதிகளுக்குள் வரும். வெளிச்சுவரைத் தொடுவதானால் ஆணையத்திடம் முன்பே கேளுங்கள். வாடகைக்கு இருப்பவர் வீட்டுக்காரரிடம் எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும்.

2. நீர் தெளித்துப் பாருங்கள். கை நிறைய நீரைச் சுவரில் தெளியுங்கள். செங்கல் உடனே கறுத்து நீரைக் குடித்துவிட்டால் சுண்ணாம்பு பிடிக்கும். நீர் முத்து முத்தாய் வழிந்தால் முன்பு யாரோ வார்னிஷோ ஒளிபுகும் அடைப்பானோ பூசியிருக்கிறார்கள்; அதன் மேல் சுண்ணாம்பு ஒட்டாது. ஒரே சுவரில் இடத்துக்கு இடம் வேறுபடும் என்பதால் அடி, நடு, மேல் என்று குறைந்தது ஆறு இடங்களில் பாருங்கள்.

3. பிளாஸ்டிக் தாளை ஒட்டுங்கள். முழங்கை நீளச் சதுரமாக ஒரு தெளிவான தாளை வெட்டி, நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி, இரண்டு நாள் விட்டுவிடுங்கள். தாளின் உட்புறம் துளிர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்புறம் துளிர்த்திருந்தால் அது அறைக்காற்றின் ஈரம். குளிர்சாதனம் ஓடும் கடைகளில் இதை அடிக்கடி காணலாம்.

4. ஆணியால் இணைப்பைக் கீறுங்கள். எளிதில் பொடியாக உதிர்ந்தால் சுண்ணாம்புச் சாந்து. கீறல் விழாமல் ஆணி வழுக்கினால் பிற்காலத்தில் சிமெண்டு வைத்து அடைத்திருக்கிறார்கள்.

5. உப்பைத் தேடுங்கள். தரையிலிருந்து இடுப்பளவு வரை வெள்ளைப் பொடி பூத்திருந்தால் நிலத்து ஈரம் மேலே ஏறுகிறது. பழைய கடைவீடுகளுக்கு அடித்தளத்தில் ஈரத்தடுப்புப் படலம் கிடையாது. அந்தப் பொடியை உலர்ந்த தூரிகையால் துடைத்து முறத்தில் சேர்த்து எறியுங்கள். கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளேயே போகும்.

கசிவு இருந்தால் இங்கேயே நின்றுவிடுங்கள். உடைந்த மழைநீர்க் குழாய், ஒழுகும் கழிவறை, ஓடு நழுவிய கூரை ஆகியவற்றைச் சரிசெய்து, சுவர் சில வாரங்கள் உலர்ந்த பிறகே மேற்கொண்டு படியுங்கள். பூச்சு எந்தக் கசிவையும் நிறுத்தாது.

ஏன் சுவர் மூச்சுவிட வேண்டும்?

இதற்கு வேண்டிய அறிவியல் கொஞ்சம்தான். நிலத்திலிருந்து ஏறிய நீரும் மழையில் நனைந்த நீரும் செங்கல்லின் நுண்துளைகள் வழியாக வெளிமுகத்துக்கு வந்து ஆவியாகின்றன. நீரில் கரைந்திருந்த உப்பு அங்கே படிகமாகிறது. முகத்தில் அக்ரிலிக் பெயின்ட் போன்ற பிளாஸ்டிக் படலம் இருந்தால் ஆவியாவது தடைபட்டு, உப்பு படலத்துக்குப் பின்னால் படிகமாகிப் பெருக்கிறது. முதலில் கொப்புளம், அடுத்து உரிதல், கடைசியில் செங்கல்லின் முகமே பொடியாய்க் கொட்டும். பெயின்ட் உரிந்தால் மறுபடி அடிக்கலாம். செங்கல்லின் முகம் போனால் போனதுதான். குளிர்சாதனம் ஓடும் அறைகளில் சிக்கல் இன்னும் கூடுகிறது. வெப்பமண்டலத்தில் வெளியே வெதுவெதுப்பான ஈரக்காற்று, உள்ளே குளிர்ந்த வறண்ட காற்று. நீராவி வெளியிலிருந்து உள்நோக்கிப் பயணிக்கும். உட்சுவரில் இறுக்கமான பெயின்ட் இருந்தால் ஆவி அதன் பின்னால் சிக்கிப் பூஞ்சையாக வெளிப்படும். உட்சுவருக்கு மழை படாதே, எந்தப் பெயின்ட் அடித்தால் என்ன என்று நினைப்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

இப்போதெல்லாம் அக்ரிலிக் பெயின்டும் மூச்சுவிடும் என்று டப்பாவிலேயே எழுதியிருக்கிறதே என்று கேட்கலாம். மூச்சுவிடும் என்ற சொல்லுக்கு அளவு உண்டு. தரத்தாளைக் கேட்டு வாங்கி எஸ்டி மதிப்பைப் பாருங்கள். நீராவிக்கு அந்தப் படலம் எத்தனை மீட்டர் காற்றுக்கு ஈடான தடையாகிறது என்பதே அது. ஐரோப்பியத் தர வகைப்பாட்டில் 0.14 மீட்டருக்குக் குறைந்தது நீராவியை நன்றாக விடும் முதல் வகை, 1.4 மீட்டரைத் தாண்டினால் அடைக்கும் வகை. பழைய செங்கல்லுக்கு முதல் வகை தவிர வேறெதையும் வாங்காதீர்கள். அந்த எண்ணைக் கொடுக்க முடியாத பெயின்ட் எவ்வளவு மலிவாக இருந்தாலும் உங்கள் சுவருக்கு வேண்டாம்.

மெல்லியதிலிருந்து தடிமனுக்கு

முதல் தேர்வு, பூச்சே போடாமல் இணைப்பை மட்டும் மாற்றுவது. பலர் யோசிக்காத வழி இது. செங்கல் சுவரின் முரட்டுத்தனத்தில் பாதி செங்கல்லிலிருந்து வருவதில்லை. கறுப்பும் சாம்பலுமான சிமெண்டு இணைப்புகள் போடும் கட்டங்களிலிருந்து வருகிறது. அவற்றைச் சுரண்டி எடுத்து வெளிர்மணலும் சுண்ணாம்பும் கலந்த சாந்தால் அடைத்தால், சுவர் வெளுத்து, கோடுகள் கரைந்து, செங்கல்லின் சிவப்பே இதமாகத் தெரியும். கையுளியும் சிறு சுத்தியலும் கொண்டு, இணைப்பின் அகலத்தைப்போல் இரண்டு மடங்கு ஆழத்துக்குச் சுரண்டுங்கள். சுழல் அறுப்பானை உபயோகித்தால் செங்கல்லின் விளிம்பு அறுபடும். பொதுச்சுவர் உத்தரங்களைத் தாங்கும் சுவர் என்பதால் ஒரு நேரத்தில் ஒரு சதுர மீட்டருக்கு மேல் திறந்து வைக்காதீர்கள்.

இரண்டாவது, சுண்ணாம்புப் பூச்சு, நம் வீடுகளின் வெள்ளையடித்தல். பெரும்பாலான கடைவீட்டுச் சுவர்களுக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான். சுண்ணாம்பு செங்கல்லின் மேல் படலமாக உட்காராமல் துளைகளுக்குள் இறங்கி, காற்றிலுள்ள கரியமில வாயுவைப் பிடித்து மறுபடி சுண்ணாம்புக்கல்லாகிறது. நீராவிக்குத் தடையில்லை. இயல்பான காரத்தன்மையால் தொடக்க காலத்தில் பூஞ்சை அண்டுவதும் குறைவு. மெல்லிய பூச்சில் செங்கல்லின் உருவமும் நிழலும் அப்படியே தெரியும். ஈரம் காயும் முன் துடைத்துவிட்டால் செங்கல் அங்கங்கே எட்டிப் பார்க்கும். எவ்வளவு மறைப்பது, எவ்வளவு காட்டுவது என்பதைக் கையாலேயே முடிவு செய்யும் சுதந்திரம் வேறெந்தப் பூச்சிலும் இவ்வளவு இல்லை.

மூன்றாவது, சாந்து தடவல். சுண்ணாம்பு ஒரு பங்குக்கு மெல்லிய மணல் இரண்டரை, மூன்று பங்கு சேர்த்துக் குழைத்து, கரணையால் இழுத்து, சாக்குத்துணியால் துடைப்பது. செங்கல் தீவுகளாக மிதக்கும். கோணல் சுவர்கள் நேராகத் தோன்றும். இதில் சிமெண்டு சேர்க்கச் சொல்வார்கள். சேர்த்தால் பின்னால் எடுக்க முடியாது; எடுத்தால் செங்கல்லின் முகத்தோடுதான் வரும்.

நான்காவது, சிலிகேட் பெயின்ட். 1878இல் ஜெர்மனியில் அடால்ஃப் வில்ஹெல்ம் கைம் காப்புரிமை பெற்ற வகை. பொட்டாசியம் சிலிகேட் செங்கல்லோடு வேதிமுறையில் பிணைவதால் உரிவதில்லை, நீராவியையும் விடுகிறது. விலை கூடுதல், கடைகளில் தேட வேண்டும்; துடைக்க முடியாத அளவு நிரந்தரம். மழை அறையும் வெளிமுகப்புக்கும் கைபடும் இடங்களுக்கும் இது நல்லது. ஐந்தாவது, முழுச் சுண்ணாம்புக் காரை. முகம் பொடிந்துபோன செங்கல்லுக்கு இதுவே மருந்து. அது கைதேர்ந்த கொத்தனாரின் வேலை, இந்த நூலின் எல்லைக்கு வெளியே.

நீர் கலந்த எமல்ஷன் பூச்சைக் கடைசியில் வைத்திருக்கிறேன். ஏற்கெனவே பெயின்ட் அடித்த சுவர், கெட்டியான புதுச் செங்கல், அடுக்குமாடி வீடுகளில் ஒட்டும் செங்கல் வடிவத் தகடுகள் ஆகியவற்றுக்கு அது போதும். பழைய கடைவீட்டுக்கு வேண்டாம்.

சுண்ணாம்புப் பூச்சு: வேலை வரிசை

1. பொருளைச் சரியாக வாங்குங்கள். கட்டடப் பொருள் கடையில் நீற்றிய சுண்ணாம்பு என்று கேளுங்கள். தூளாகவோ களியாகவோ கிடைக்கும். தோட்டக்கடையில் மண்ணுக்குப் போட விற்கும் சுண்ணாம்புக்கல் பொடி இறுகாது, காய்ந்ததும் உதிர்ந்துவிடும். தேக்கா சந்தையில் வெற்றிலைக்கு விற்கும் சுண்ணாம்பும் நீற்றியதுதான் என்றாலும், ஒரு செங்கல்லில் தடவிப் பார்க்கவே அது காணும்.

2. முந்தின நாள் கரையுங்கள். ஒரு கிலோ தூளுக்கு இரண்டு லிட்டர் நீர். வாளியில் முதலில் நீர், அதில் சுண்ணாம்பைக் கொஞ்சங்கொஞ்சமாகத் தூவிக் கலக்குங்கள். இரவு முழுக்க மூடி வையுங்கள்.

3. மறுநாள் மேலும் ஒரு லிட்டர் நீர் விட்டு, மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். கொழுப்பு எடுத்த பாலின் பதம் வர வேண்டும். தயிர்ப் பதம் என்றால் பாளம் பாளமாக வெடிக்கும்.

4. நிறம் வேண்டுமானால் இப்போது சேருங்கள். மஞ்சள் காவி, செங்காவி, இரும்புக் கறுப்பு போன்ற மண்நிறங்கள் சுண்ணாம்பின் காரத்தைத் தாங்கும். நிறப்பொடி சுண்ணாம்பின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. முழுச் சுவருக்கும் ஒரே முறை கரையுங்கள். இரண்டாம் வாளியில் அதே நிறம் வராது.

5. சுவரை நார்த் தூரிகையால் தேய்த்துத் தூசி எடுங்கள். கம்பித் தூரிகை வேண்டாம். அறுந்த கம்பி துருப்பிடித்துப் புள்ளியாகத் தெரியும்.

6. கதவுக்குப் பின்னாலோ அலமாரி மறைக்கும் இடத்திலோ ஒரு சதுர மீட்டர் மாதிரி பூசி ஒரு வாரம் பாருங்கள். காலை வெளிச்சத்திலும் இரவு விளக்கிலும் பாருங்கள்.

7. சுவரில் நீர் தெளியுங்கள். செங்கல் ஈரமாக இருக்க வேண்டும், வழியக்கூடாது. காய்ந்த செங்கல் சுண்ணாம்பின் நீரை உறிஞ்சிவிடும். இறுகுவதற்கு நீர் மிஞ்சாது.

8. அகலமான நார்த் தூரிகையால் எல்லாத் திசையிலும் தேய்த்துப் பூசுங்கள். பூசும்போது சுவர் கண்ணாடிபோலத் தெரியும், ஒன்றும் மறைக்காததுபோல இருக்கும். பயந்து மேலும் அப்பாதீர்கள். காயக் காய வெளுக்கும்.

9. செங்கல் எட்டிப் பார்க்க வேண்டுமென்றால் அரை மணி நேரத்துக்குப் பிறகு ஈரப் பஞ்சால் துடையுங்கள். மறுநாள் வரை விட்டால் எளிதில் போகாது.

10. அடுத்த பூச்சுக்கு ஒரு நாளாவது விடுங்கள். மழை நாட்களில் இரண்டு நாள். ஒவ்வொரு முறையும் மறுபடி நீர் தெளித்தே பூசுங்கள். இலேசான தோற்றத்துக்கு இரண்டு பூச்சு, நிறைவான வெண்மைக்கு நான்கு, ஐந்து.

குறிப்பு: தூய வெள்ளை இந்த ஊரின் உச்சிவெயிலில் கண்ணைக் கூசும். முற்றத்தை ஒட்டிய சுவருக்கு ஒரு சிட்டிகை மஞ்சள் காவி சேருங்கள். வெளிச்சம் குறைந்த நடு அறைக்கு நம் வழக்கப்படி கொஞ்சம் நீலம் கரைத்து விட்டால் வெண்மை பழுப்பேறாமல் தெளிவாகத் தெரியும்.

குறிப்பு: தீபாவளிக்குள் முடிக்க நினைப்பவர்கள் ஆகஸ்டு, செப்டம்பரிலேயே தொடங்குங்கள். நவம்பர் முதல் ஜனவரி வரை மழை மிகுதி. அப்போது வெளிச்சுவரைத் தொட வேண்டாம்.

வழக்கமாக நேரும் பிழைகள்

வேகமாகக் காய வைப்பதுதான் முதல் பிழை. குளிர்சாதனத்தையும் நேரே வீசும் மின்விசிறியையும் போட்டுவிட்டு, சுவர் பொடிப்பொடியாக உதிர்கிறதே என்று சுண்ணாம்பைக் குறை சொல்வார்கள். சுண்ணாம்பு இறுக ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். சன்னலைத் திறந்து வைத்தால் போதும். இரண்டாவது, கஞ்சி கலப்பது. தமிழ்நாட்டில் பிடிப்புக்காகப் பசையோ அரிசிக் கஞ்சியோ சேர்ப்பது வழக்கம். வறண்ட ஊருக்கு அது சரி. இங்கே அது பூஞ்சைக்கு வைத்த விருந்து. மூன்றாவது, கடைகளில் விற்கும் உப்பமிலத்தால் செங்கல்லைக் கழுவுவது. சுண்ணாம்புச் சாந்தை அது தின்றுவிடும்; புது உப்பையும் சுவருக்குள் ஏற்றும். மணல் பீய்ச்சித் துப்புரவு செய்வது அதைவிட மோசம். சூளையில் வெந்து கெட்டிப்பட்ட மேல்தோல் போய்விட்டால் உள்ளிருக்கும் மென்மையான களிமண் ஒவ்வொரு மழைக்கும் கரையும்.

பாதுகாப்பு

நீற்றிய சுண்ணாம்பு வீரியமான காரம். கரைசலின் பிஎச் 12க்கு மேல். கண்ணில் ஒரு துளி தெறித்தாலும் பார்வையைப் பாதிக்கும். மூக்குக்கண்ணாடி போதாது, பக்கங்களும் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி, ரப்பர் கையுறை, முழுக்கைச் சட்டை கட்டாயம். கண்ணில் பட்டால் குழாய் நீரில் இமையை விரித்து இருபது நிமிடமாவது விடாமல் கழுவுங்கள்; கூட இருப்பவர் 995ஐ அழைக்கட்டும். தூளைக் கலக்கும்போதும் இணைப்பைச் சுரண்டும்போதும் என்95 முகக்கவசம் அணியுங்கள். செங்கல் தூசியிலுள்ள சிலிகா நுரையீரலில் தங்கிவிடும். நீற்றாத சுண்ணாம்புக்கல்லை வாங்கி வீட்டில் நீற்ற முயலாதீர்கள். அது கொதித்துத் தெறிக்கும். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம் என்பதால் அதை உலர்வாக உரசாதீர்கள். ஏணியை மாடிப்படியின் மேல் சாய்க்காதீர்கள். முகப்பின் மேல்மாடியைச் சாரம் கட்டத் தெரிந்தவர்களிடம் விட்டுவிடுங்கள். எஞ்சிய சுண்ணாம்பு நீரைச் சாலையோரக் கால்வாயில் கொட்டவும் கூடாது. மழைநீர்க் கால்வாய்கள் நீர்த்தேக்கங்களுக்குப் போகின்றன. வாளியில் தெளிய விட்டுக் களியை அடுத்த முறைக்கு எடுத்து வையுங்கள்.

அடுக்குமாடி வீட்டில்

வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டில் உண்மைச் செங்கல் வெளியே தெரிவது அரிது. பூச்சைக் கொத்தி எடுத்துச் செங்கல்லைத் தேடாதீர்கள். சுவரில் கை வைக்கும் வேலைக்கு அனுமதி வேண்டும், தாங்குசுவரைத் தொட்டால் கட்டடமே பாதிக்கப்படும். ஒட்டிய செங்கல் தகடுகளுக்கு நீர் சோதனை செய்து, நீரைக் குடித்தால் சுண்ணாம்போ சிலிகேட்டோ, குடிக்காவிட்டால் பாதிக்குப் பாதி நீர் கலந்த எமல்ஷன். பூசிய உடனே துணியால் ஒற்றி எடுங்கள்.

சுண்ணாம்புக்கு எதிரான மூன்று வாதங்கள்

முதல் வாதம், துணியில் ஒட்டும். சரியாகச் செய்யாத சுண்ணாம்பு ஒட்டும். ஈரச் சுவரில், பால் பதத்தில், பொறுத்துப் பூசியது சில வாரங்களில் இறுகிவிடும். கையால் அழுத்தித் தடவினால் இலேசாக வரலாம், சாய்ந்து உட்கார்ந்தால் முதுகில் வராது. இருக்கைகள் உரசும் உயரத்துக்கு மரப்பலகை அடிக்கலாம்.

இரண்டாவது, சமையலறையில் மஞ்சளும் எண்ணெயும் தெறித்தால் கழுவ முடியாது. இது நியாயமான குறை, மறுக்க வழியில்லை. அடுப்புக்குப் பின்னால் ஓடு பதியுங்கள், மற்ற சமையலறைச் சுவருக்குச் சிலிகேட் பூசுங்கள்.

மூன்றாவது வாதமே வலுவானது: எமல்ஷன் பல ஆண்டு உழைக்கும், சுண்ணாம்பை அடிக்கடி புதுப்பிக்க வேண்டும், செலவைக் கூட்டிப் பார்த்தால் எது மேல்? கணக்கை முழுமையாகப் போட்டுப் பார்க்க வேண்டும். வறண்ட, புதுச் சுவரில் எமல்ஷன் நீண்ட நாள் உழைக்கும் என்பது உண்மை. ஈரம் ஏறும் பழைய செங்கல்லில் அது தோற்கும்போது உரித்தெடுக்கும் கூலி, முகம் கொட்டிய செங்கல்லை மாற்றும் கூலி, அதுவரை கடையை மூடி வைக்கும் இழப்பு எல்லாம் சேரும். சுண்ணாம்பு தோற்கும்போது பொடியாகிறது, அவ்வளவே; அதைத் துடைத்துவிட்டு மேலேயே பூசலாம், பழையதை எடுக்க வேண்டியதில்லை. பொங்கலுக்கு முன் வெள்ளையடித்த தலைமுறைகள் பூச்சை நிரந்தரமாகக் கருதவில்லை. தேய்வது பூச்சாகவும் நிலைப்பது சுவராகவும் இருக்க வேண்டும் என்பது அந்த வழக்கத்தில் அடங்கிய கணக்கு.

புதுப்பிக்கும் நாளையும் சுவரே சொல்லும். உள்ளங்கையால் தடவினால் வெள்ளை வருகிறதா, நீர் தெளித்தால் செங்கல்லின் சிவப்பு முன்பைவிட அதிகம் தெரிகிறதா என்று ஆண்டுக்கு ஒரு முறை பாருங்கள். தெரிந்தால் உலர்ந்த தூரிகையால் தட்டிவிட்டு, நீர் தெளித்து, ஒரே ஒரு மெல்லிய பூச்சு. மீதமான களியை மூடியிட்ட வாளியில், மேலே இரண்டு விரற்கடை நீர் நிற்கும்படி வைத்திருந்தால் அது கெடாது; நாள்பட நாள்பட இன்னும் வழவழப்பாகும்.